தண்ணீர் மரம் ஏறுவது எப்படி? வேர் தள்ளுகிறதா, இலை இழுக்கிறதா?

தொட்டியில் தண்ணீர் ததும்பி நிற்கும். செடி மட்டும் தலை தொங்கிக் கிடக்கும். பார்த்தவர் தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஒரு குவளை ஊற்றுவார். மறுநாள் செடி இன்னும் மோசமாகும். செடி வளர்க்கிற யாருக்கும் தெரிந்த குழப்பம் இது. மண் காய்ந்து செடி வாடினால் புரிகிறது. வேர் தண்ணீரிலேயே ஊறிக் கிடக்கும்போது இலைக்கு ஏன் தண்ணீர் எட்டவில்லை?

"வேர் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சி இலைகளுக்கு அனுப்புகிறது" என்று பள்ளியில் படித்த வரியை வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது. பகல் நேரத்தில் வேர் எதையும் மேலே அனுப்புவதில்லை என்றே சொல்லலாம். நீரை இழுப்பது இலை. இலையிலிருந்து நீரைப் பிடுங்குவது காற்றின் வறட்சி. எந்த நீர், எவ்வளவு நீர், நீரோடு எந்தெந்த உப்பு உள்ளே வரலாம் என்று முடிவு செய்வதுதான் வேரின் பெரிய வேலை. வேருக்கும் இலைக்கும் நடுவே உள்ள நெடுந்தூரக் குழாய்களோ செத்த செல்களால் ஆனவை. இந்தப் படத்தை மனதில் சரியாக வாங்கிக்கொண்டால், செடி வாடுவது பற்றிய பாதிக் கேள்விகளுக்குத் தானாகவே பதில் கிடைத்துவிடும்.

தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

முதலில் ஒரு அளவுகோல் வேண்டும். சுத்தமான தண்ணீர், எதிலும் ஒட்டாமல், எதுவும் கரையாமல், சும்மா ஒரு பாத்திரத்தில் இருக்கிறது என்றால் அதற்கு 0 என்று மதிப்பெண் போடுகிறார்கள். அதில் உப்போ சர்க்கரையோ கரைந்தால் மதிப்பு 0-க்குக் கீழே போகும். மண் துகள்களின் இடுக்கில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டிருந்தாலும் கீழே போகும். யாராவது அழுத்தினால் மேலே வரும், இழுத்தால் கீழே போகும். இதற்குத் தாவரவியலில் நீரியல் திறன் என்று பெயர். அழுத்தத்தின் அலகான மெகா பாஸ்கலில் இதைச் சொல்வார்கள். 1 மெகா பாஸ்கல் என்பது சுமார் 10 வளிமண்டல அழுத்தம், அதாவது 100 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூணின் அடியில் இருக்கும் அழுத்தம்.

விதி ஒன்றே ஒன்றுதான்: மதிப்பு கூடின இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தண்ணீர் போகும். இப்போது எண்களைப் பாருங்கள். நன்றாக நனைந்து, மிச்சத் தண்ணீர் வடிந்துபோன மண்ணில் நீரியல் திறன் −0.03 மெகா பாஸ்கல் அளவில் இருக்கும். வெயிலில் நிற்கும் சாதாரணச் செடியின் இலையில் −1 அல்லது அதற்கும் கீழே. மண் −1.5-ஐத் தொட்டுவிட்டால் பெரும்பாலான பயிர்கள் வாடுகின்றன, இரவிலும் நிமிர்வதில்லை. அதனால்தான் அந்த எண்ணை நிரந்தர வாடல் புள்ளி என்கிறார்கள்.

காற்றுக்கு வருவோம். 25 டிகிரி வெப்பத்தில், பாதி ஈரப்பதம் உள்ள காற்றின் நீரியல் திறன் சுமார் −95 மெகா பாஸ்கல்! நமக்கு இதமாகத் தெரிகிற காற்று இது. காற்றில் ஈரப்பதம் 99 சதவீதம் இருக்கும் புழுக்கமான நேரத்தில்கூட −1.4 அளவில் இருக்கும். செடிகள் வாடிப்போகிற வறண்ட மண்ணுக்குச் சமமான வறட்சி அது. ஆக, மண்ணுக்கும் காற்றுக்கும் நடுவே நிற்கும் ஒவ்வொரு செடியும், ஓயாத பெரிய இழுவை ஒன்றின் நடுவில்தான் நிற்கிறது. செடி தன் சக்தியைச் செலவழித்து நீரை ஏற்ற வேண்டியதே இல்லை. காற்று இழுக்கும் வேகத்தில் தான் காய்ந்து போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் பாடு.

ஒரு செல்லுக்குள்

பெரிய பயணத்துக்கு முன்னால் ஒரு செல்லை மட்டும் பார்ப்போம். முதிர்ந்த தாவர செல்லின் பெரும்பகுதியை, பலவற்றில் 80 சதவீதத்துக்கும் மேல், நுண்குமிழ் எனப்படும் தண்ணீர்ப் பை அடைத்துக்கொண்டிருக்கும். அதில் சர்க்கரை, பொட்டாசியம், அமிலங்கள் எல்லாம் கரைந்திருக்கும். அதனால் வெளியிலிருந்து சவ்வூடு பரவலால் தண்ணீர் உள்ளே வரும். விலங்கு செல் என்றால் உப்பி வெடித்துவிடும். தாவர செல்லைச் சுற்றி செல்லுலோஸ் சுவர் இருப்பதால் அது வெடிப்பதில்லை. சுவர் திருப்பி அழுத்துகிறது, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. இந்த விறைப்பழுத்தம் பல செல்களில் 0.5 மெகா பாஸ்கல், சில இடங்களில் 1 மெகா பாஸ்கல் வரை போகும்.

மரக்கட்டை இல்லாத ஒரு கீரைத்தண்டு நிமிர்ந்து நிற்பது இந்த அழுத்தத்தால்தான். இளம் செல் வளர்வதும் இதனால்தான்: சுவரைச் சற்றுத் தளர்த்திக்கொடுத்தால், உள்ளே இருக்கும் அழுத்தம் அதை நீட்டிவிடும். அழுத்தம் குறைந்தால் வளர்ச்சி நின்றுவிடும். இலை வாடுவதற்கு வெகு முன்பே, கண்ணுக்குத் தெரியாமல், செடி வளர்வதை நிறுத்திவிடுகிறது. பயிர் வாடிய பிறகுதான் தண்ணீர் கட்டுவது என்று வைத்துக்கொண்டால், அதற்குள் பல நாள் வளர்ச்சி போயிருக்கும்.

செல்லின் சவ்வோ கொழுப்பால் ஆனது. அதைத் தாண்டித் தண்ணீர் இவ்வளவு வேகமாகப் போவது எப்படி என்ற கேள்விக்கு வெகு காலம் விடை இல்லை. 1992-இல் அமெரிக்காவைச் சேர்ந்த பீட்டர் ஏக்ரியின் குழு, ரத்தச் சிவப்பணுவின் சவ்வில் தண்ணீருக்கு மட்டுமே வழிவிடும் ஒரு புரதத்தை அடையாளம் கண்டது. அக்வாபோரின் என்று அதற்குப் பெயர். மறு வருடமே தாவரங்களிலும் அது இருப்பது தெரியவந்தது. 2003-இல் ஏக்ரிக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் புரதத்தின் நடுவே உள்ள துளை ஒரு நீர் மூலக்கூறு நுழையும் அளவுக்குத்தான் இருக்கும். மூலக்கூறுகள் ஒன்றன் பின் ஒன்றாக, ஒரு துளை வழியாக நொடிக்கு நூறு கோடிக் கணக்கில் போகின்றன. மனிதனிடம் 13 வகை அக்வாபோரின்கள் உள்ளன. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சின்னஞ்சிறு களைச்செடியிடம் 35! ஓடிப்போய்த் தண்ணீர் தேட முடியாத உயிரினத்துக்கு இத்தனை வகை தேவைப்படுவதில் வியப்பில்லை.

செடியின் அக்வாபோரின்கள் பலவும் திறக்கும், மூடும். தொட்டிச் செடியின் கதைக்கு இது முக்கியம். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேருக்குள் நுழையும் வழி

வேரின் நுனியிலிருந்து சில மில்லிமீட்டர் பின்னால், வெல்வெட் துணி போல நுண்மையான தூவிகள் அடர்ந்திருக்கும் பகுதி ஒன்று உண்டு. முளைக்கட்டிய பயறை ஈரத்துணியில் இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு வேர்த்தூவியும் தனிச் செல் அல்ல, மேல்தோல் செல் ஒன்றின் நீட்சிதான். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. மண் துகள்களின் இடுக்குகளில் இது புகுந்து, அங்கே ஒட்டியிருக்கும் நீர்ப்படலத்தைத் தொட்டுவிடுகிறது.

இதன் அளவு எவ்வளவு என்று 1937-இல் அமெரிக்காவில் டிட்மர் என்ற ஆய்வாளர் கணக்கிட்டார். ஒரு பெட்டியில் நான்கு மாதம் வளர்ந்த ஒரே ஒரு ரை செடியை எடுத்துக்கொண்டார். ரை என்பது கோதுமைக்கு நெருங்கிய தானியம். அதன் வேர்களின் மொத்த நீளம் 600 கிலோமீட்டரைத் தாண்டியது. வேர்த்தூவிகளையும் சேர்த்தால் 10,000 கிலோமீட்டருக்கும் மேல். ஒரு செடியைப் பிடுங்கி வேறு இடத்தில் நடும்போது நம் கையோடு வருவது தடித்த வேர்கள் மட்டும்தான். தூவிகள் பெரும்பாலும் பழைய மண்ணோடு அறுந்து நின்றுவிடும். நட்ட செடி சில நாள் துவண்டு கிடப்பது இதனால்தான். புதுத் தூவிகள் வந்து பழைய இலைப்பரப்புக்கு ஈடுகொடுக்கும் வரை அதற்கு நிழல்தான் மருந்து. உரம் அல்ல.

உள்ளே வந்த தண்ணீர் வேரின் நடுவே உள்ள சைலத்தை, அதாவது நீரை மேலே கொண்டுபோகும் குழாய்த் திசுவை, அடைய வேண்டும். வழியில் புறணி என்ற பல அடுக்கு செல்கள். இங்கே தண்ணீருக்கு மூன்று பாதைகள். செல்களுக்குள்ளேயே போகாமல், சுவர்களின் நுண்துளைகள் வழியாகவே நழுவிப் போகலாம். இல்லையென்றால் ஒரு செல்லுக்குள் நுழைந்து, செல்லுக்குச் செல் இணைப்பாக உள்ள பிளாஸ்மோடெஸ்மா இழைகளின் வழியே தொடரலாம். மூன்றாவது, ஒவ்வொரு செல்லின் சவ்வையும் அக்வாபோரின் வழியாகக் கடந்து கடந்து போவது. எந்தப் பாதையில் எவ்வளவு என்பது செடிக்குச் செடி, நேரத்துக்கு நேரம் மாறும்.

அகத்தோலில் இந்தச் சுதந்திரம் முடிகிறது. மையத்தைச் சுற்றி ஒரே ஒரு செல் தடிமனில் இருக்கும் வளையம் அது. அந்த செல்களுக்கு இடையே உள்ள சுவரில், மரத்தைக் கெட்டியாக்கும் லிக்னின் என்ற பொருள் ஊறிய பட்டை ஒன்று சுற்றி ஓடுகிறது. 1865-இல் ஜெர்மன் தாவரவியலாளர் ராபர்ட் காஸ்பரி விவரித்ததால் காஸ்பாரியன் பட்டை என்கிறோம். சுவர் வழியாக நழுவி வந்த நீரும் அதில் கரைந்த உப்புகளும் இதைத் தாண்ட முடியாது. ஒரு சவ்வைக் கடந்து, உயிருள்ள செல்லுக்குள் போய், மறுபக்கம் வெளியேறித்தான் ஆக வேண்டும். மண்ணில் கரைந்திருப்பதெல்லாம் கண்டபடி இலைக்குப் போய்விடாமல் தடுப்பது இந்த ஒற்றை வளையம்தான். மயிரிழையிலும் மெல்லிய ஓர் அடுக்கை நம்பித்தான் ஒரு முழு ஆலமரமும் நிற்கிறது என்று நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மலைப்பாக இருக்கிறது.

சரி, தொட்டியில் தேங்கிய தண்ணீருக்கு வருவோம். தண்ணீரில் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. மண்ணின் இடைவெளிகளில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிறைந்துவிட்டால் வேர் மூச்சுத் திணறுகிறது. சுவாசம் தடைபட்டதும் செல்லுக்குள் அமிலத்தன்மை கூடுகிறது. 2003-இல் பிரான்சில் அராபிடாப்சிஸை வைத்து நடந்த ஆய்வு அடுத்த கட்டத்தைக் காட்டியது: அந்த அமிலத்தன்மை பட்டதும் வேர் செல்களின் அக்வாபோரின்கள் மூடிக்கொள்கின்றன. சுற்றிலும் தண்ணீர், ஆனால் சவ்வைத் தாண்ட வழி இல்லை. மேலே இலையோ வழக்கம்போல நீரை இழந்துகொண்டிருக்கிறது. செடி வாடுகிறது. இன்னொரு குவளை ஊற்றினால் வேருக்கு மிச்சமிருக்கும் கொஞ்சம் காற்றும் போய்விடும். நெல் மாதிரி தண்ணீரிலேயே நிற்கும் பயிர்கள் தப்பிப்பதற்குக் காரணம், தண்டிலிருந்து வேர் வரைக்கும் காற்று இறங்கிவர அவற்றின் திசுவில் வெற்றிடங்கள் இருப்பதுதான்.

உரம் அதிகமாகிச் செடி கருகுவது வேறு கதை. அங்கே மண் நீரில் உப்பு கூடி, அதன் நீரியல் திறன் வேருக்குள் உள்ளதைவிடக் கீழே போய்விடுகிறது. மேலே சொன்ன ஒரே விதிப்படி தண்ணீர் திரும்பி ஓடப் பார்க்கிறது.

செத்த குழாய்களில் ஒரு பயணம்

அகத்தோலைத் தாண்டியதும் சைலம். சைலக் குழாய் செல்கள் வளர்ந்து, சுவரை லிக்னினால் கெட்டியாக்கிக்கொண்டு, பிறகு தாமாகவே செத்துப்போகின்றன. உள்ளே இருந்ததெல்லாம் கரைந்து வெற்றுக் குழாய் மிஞ்சுகிறது. அது செத்தால்தான் வேலைக்கு ஆகும். உயிருள்ள செல்லின் உள்ளடக்கம் தண்ணீருக்குப் பெரும் தடை.

குழாயின் அகலம் மிக முக்கியம். ஆரம் இரண்டு மடங்கானால், அதே இழுவையில் 16 மடங்கு நீர் பாயும். ஊசியிலை மரங்களின் டிரக்கீடுகள் எனப்படும் சைலக் குழாய் செல்கள் மெல்லியவை, பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. அவற்றில் நீர் மணிக்கு ஓரிரண்டு மீட்டர் வேகத்தில்தான் ஏறும். ஓக் போன்ற மரங்களின் அகன்ற குழாய்களில் மணிக்கு 40 மீட்டர் வரைகூடப் போவதுண்டு.

இப்போது மையக் கேள்வி. ஒரு குழாயின் மேல்முனையில் எவ்வளவுதான் காற்றை உறிஞ்சி எடுத்தாலும் தண்ணீர் சுமார் 10 மீட்டருக்கு மேல் ஏறாது. வளிமண்டலம் தள்ளும் அளவு அவ்வளவுதான். கலிஃபோர்னியாவில் 115 மீட்டரைத் தாண்டிய ரெட்வுட் என்ற ஊசியிலை மரம் ஒன்று நிற்கிறது. 2006-இல் கண்டறியப்பட்டு ஹைப்பீரியன் என்று பெயரிடப்பட்ட அந்த மரத்தின் உச்சிக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது?

வேர் தள்ளுகிறதா? 1727-இல் வெளிவந்த நூலில் இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் இதை முதன்முதலில் அளந்து காட்டியிருந்தார். வசந்த காலத்தில் வெட்டிய திராட்சைக் கொடியின் அடித்தண்டில் அவர் பாதரசக் குழாயைப் பொருத்தியபோது, வேரிலிருந்து வந்த அழுத்தம் 10 மீட்டர் தண்ணீர்த் தூணுக்கும் மேலாக இருந்தது. வேர் உப்புகளைச் சைலத்துக்குள் ஏற்றுவதால், சவ்வூடு பரவலால் தண்ணீர் பின்தொடர்ந்து வந்து அழுத்துகிறது. விடியற்காலையில் புல் நுனியில் நிற்கும் துளிகளில் பல, பனித்துளிகள் அல்ல, இப்படி வேர் தள்ளிவிட்ட நீர். ஆனால் பெரும்பாலான செடிகளில் இந்த அழுத்தம் 0.1, 0.2 மெகா பாஸ்கல்தான். அதுவும் பகலில், இலை வேகமாக நீரை இழக்கும்போது, காணாமல் போய்விடும். பல ஊசியிலை மரங்களில் அது தென்படுவதே இல்லை. உயரமான மரங்களுக்கு இது விடையாகாது.

தண்டில் உள்ள உயிருள்ள செல்கள் பம்பு மாதிரி வேலை செய்கின்றனவா? 1890-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் எடுவர்ட் ஸ்ட்ராஸ்பர்கர் இதைக் கறாராகச் சோதித்தார். 20 மீட்டருக்கும் உயரமான ஓக் மரத்தை அடியில் அறுத்து, வெட்டுமுனையைப் பிக்ரிக் அமிலக் கரைசலில் நிறுத்தினார். விஷம் ஏறிய பாதையில் இருந்த செல்கள் எல்லாம் செத்தன. பிறகு சாயம் கலந்தார். சாயமும் செத்த மரத்தின் வழியே ஏறிப் போனது. இலைகள் சாகும் வரை ஓட்டம் நிற்கவில்லை. முப்பது ஆண்டு கழித்து, 1923-இல், ஜகதீஷ் சந்திர போஸ் இதற்கு நேர்மாறான கருத்தை முன்வைத்தார். தண்டுக்குள் மின்முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செருகிப் பார்த்து, புறணியின் உள்ளடுக்கு செல்கள் துடிப்பதாகவும் அந்தத் துடிப்பே சாற்றை ஏற்றுவதாகவும் எழுதினார். இந்த விளக்கம் நிலைக்கவில்லை. ஸ்ட்ராஸ்பர்கரின் செத்த ஓக் மரத்துக்கு அதனிடம் பதில் இல்லை. ஆனால் தாவரங்களுக்குள் மின் சமிக்ஞைகள் ஓடுகின்றன என்று போஸ் விடாப்பிடியாகச் சொன்னது வீண் போகவில்லை. அது இன்று தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது.

விடையை 1894-இல் டப்ளினைச் சேர்ந்த ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும் சொன்னார்கள். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டிருக்கின்றன. காற்றுக் குமிழி இல்லாத மெல்லிய குழாயில், வேரிலிருந்து இலை வரை அறுபடாத ஒரே நீர்த்தொடர் இருக்கிறது. மேலே ஒரு மூலக்கூறு ஆவியாகிப் போனால், கீழே உள்ள தொடர் முழுவதும், ஒரு கயிற்றை மேலிருந்து இழுப்பது போல, இழுபடுகிறது. தண்ணீரைத் தள்ளலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வோம். இழுக்கலாம் என்பதை மனம் எளிதில் ஏற்பதில்லை. அப்போதும் பலர் ஏற்கவில்லை. ஆனால் 1950-இல் அமெரிக்க இயற்பியலாளர் லைமன் பிரிக்ஸ், வளைந்த நுண்கண்ணாடிக் குழாயில் தண்ணீரை நிரப்பி அதிவேகமாகச் சுழற்றியபோது, 27 மெகா பாஸ்கலுக்கும் மேலான இழுவை வரை நீர்த்தொடர் அறுபடவில்லை. நூறு மீட்டர் மரத்துக்கு, புவியீர்ப்பையும் உராய்வையும் சேர்த்து, 2 அல்லது 3 மெகா பாஸ்கல் போதும்.

இழுவை பிறக்கும் இடம் இலைக்குள் இருக்கிறது. இலையின் உள் செல்களின் சுவர்கள் ஈரமானவை. செல்லுலோஸ் இழைகளுக்கு நடுவே நானோமீட்டர் கணக்கில் நுண்துளைகள். நீர் ஆவியாக ஆக, ஒவ்வொரு துளையிலும் நீரின் மேற்பரப்பு உள்நோக்கிக் குழிகிறது. குழிவு கூடக்கூட மேற்பரப்பு இழுவிசை பின்னால் இருக்கும் நீரை இழுக்கிறது. 20 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள சைலக் குழாயின் நுண்புழை ஏற்றம் தண்ணீரை முக்கால் மீட்டர்கூட முழுதாகத் தூக்காது. ஆனால் 50 நானோமீட்டர் ஆரமுள்ள இலைச்சுவர்த் துளை கிட்டத்தட்ட 3 மெகா பாஸ்கல் இழுவையைத் தாங்கிப் பிடிக்கும். மரம் தூக்கும் சுமை முழுவதும், கடைசியில், கண்ணுக்குத் தெரியாத இந்தத் துளைகளில்தான் தொங்குகிறது.

இதை நேரடியாக அளக்க ஒரு எளிய கருவியைப் பிரபலமாக்கியவர், நார்வேயில் வளர்ந்து அமெரிக்காவில் பணியாற்றிய பெர் ஷோலாண்டர். ஒரு கிளையை வெட்டினால், இழுவையில் இருந்த நீர் வெட்டுமுனையிலிருந்து பட்டென்று உள்ளே ஓடிவிடும். இலைகளை ஒரு உலோகக் கூண்டுக்குள் அடைத்து, வெட்டுமுனையை மட்டும் வெளியே நீட்டிவிட்டு, உள்ளே வாயுவை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டத்தில் வெட்டுமுனை ஈரமாகி மினுமினுக்கும். அந்த நொடியில் உள்ளே இருக்கும் அழுத்தம்தான், வெட்டுவதற்கு முன் சைலத்தில் இருந்த இழுவை. 1965-இல் அவர் குழு வெளியிட்ட அளவுகள் விவாதத்தின் போக்கையே மாற்றின. உயரமான டக்ளஸ் ஃபர் மரங்களின் உச்சிக் கிளைகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி அளந்தார்கள். மேலே போகப்போக இழுவை கூடியது, கணக்கு சொன்னபடியே. கடல்நீரில் நிற்கும் அலையாத்தி மரங்களில் 3.5 முதல் 6 மெகா பாஸ்கல் வரை இழுவை இருந்தது. கடல்நீரின் நீரியல் திறன் −2.5 அளவில் இருப்பதால், அதற்கும் கீழே போனால்தான் அந்த மரங்களால் அதிலிருந்து நன்னீரைப் பிரித்தெடுக்க முடியும்.

இலைத்துளையின் பேரம்

ஹேல்ஸ் இன்னொரு காரியமும் செய்தார். தொட்டியின் மண்ணை மேலே மூடிவிட்டு, ஒரு சூரியகாந்திச் செடியைத் தொடர்ந்து எடை போட்டார். பகலில் அது அரை லிட்டருக்கும் மேல் நீரை இழந்தது. செடி எடுத்துக்கொள்ளும் தண்ணீரில் 95 சதவீதத்துக்கும் மேல் இப்படி வெறுமனே காற்றில் போகிறது. செடியின் உடலாக மாறுவது மிகச் சிறு பங்கு.

ஏன் இந்த ஊதாரித்தனம் என்று தோன்றலாம். செடிக்கு கார்பன் டை ஆக்சைடு வேண்டும். அது உள்ளே வர, இலையின் மேல்தோலில் உள்ள இலைத்துளை திறந்தால், தண்ணீர் வெளியே போவதைத் தடுக்க முடியாது. பெரும்பாலான செடிகள் ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறைப் பிடிப்பதற்குள் சுமார் 400 நீர் மூலக்கூறுகளை இழந்துவிடும். மக்காச்சோளம், கரும்பு போன்றவை வேறு வேதிப்பாதையில் போவதால் அதில் பாதிக்கும் குறைவாக இழக்கும். கள்ளி வகைகள் இரவில் மட்டும் துளையைத் திறந்து, இன்னும் சிக்கனமாக, சுமார் 50-இல் முடித்துக்கொள்ளும்.

துளையை இயக்குவதும் தண்ணீர்தான். இருபுறமும் உள்ள காப்பு செல்கள் பொட்டாசியத்தை உள்ளே இழுத்தால், தண்ணீரும் பின்னாலேயே வந்து, செல்கள் விறைத்து வளைகின்றன, துளை திறக்கிறது. பொட்டாசியம் வெளியேறினால் தொய்ந்து மூடிக்கொள்ளும். வறட்சி வந்தால் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடி மூடச் சொல்கிறது. மூடினால் தண்ணீர் மிச்சம், ஆனால் உணவு தயாரிப்பு நின்றுபோகும். செடி நாள் முழுக்க, நிமிடத்துக்கு நிமிடம், இந்தப் பேரத்தில்தான் இருக்கிறது.

தொடர் அறுந்தால்

இழுவையில் இருக்கும் நீர் நிம்மதியான நீர் அல்ல. எங்காவது ஒரு காற்றுக்குமிழி நுழைந்தால் அது சட்டென்று விரிந்து அந்தக் குழாய் முழுவதையும் அடைத்துவிடும். அதன் பிறகு அந்தக் குழாயில் நீரோட்டம் இல்லை. ஆமணக்கு இலைக்காம்பில் இப்படித் தொடர் அறுவதை ஜான் மில்பர்னும் ஜான்சனும் 1966-இலேயே ஒலியாகப் பதிவு செய்தார்கள், ஒவ்வொரு அறுதலுக்கும் ஒரு 'டிக்'. 2023-இல் இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகக் குழு, நீர் இல்லாமல் தவிக்கும் தக்காளி, புகையிலைச் செடிகளிலிருந்து, மனிதக் காதுக்கு எட்டாத சுருதியில், மணிக்கு 30 முதல் 50 வரை இப்படிப்பட்ட ஒலிகள் காற்றிலேயே கேட்பதைப் பதிவு செய்தது. நன்றாக நீர் விட்ட செடிகள் கிட்டத்தட்ட மௌனமாக இருந்தன. குமிழிகளே அந்த ஒலிக்குக் காரணமாக இருக்கலாம் என்று அந்தக் குழு கருதுகிறது.

செடியிடம் தற்காப்பும் உண்டு. ஒரு குழாயிலிருந்து அடுத்ததற்கு நீர் போகும் குழிகளில் மெல்லிய சல்லடைச் சவ்வு இருக்கிறது. தண்ணீரை விடும், குமிழியை எளிதில் விடாது. ஊசியிலை மரங்களில் சவ்வின் நடுவே ஒரு தடித்த வட்டு இருக்கும். பக்கத்துக் குழாயில் காற்று புகுந்தால் அந்த வட்டு நகர்ந்து வாயை அடைத்துக்கொள்ளும். புல், கொடி வகைகளில் இரவு வேர் அழுத்தம் குமிழிகளை மீண்டும் கரைத்துக் குழாயை நிரப்பிவிடும். பூங்கொத்துக்காக வெட்டும் தண்டைத் தண்ணீருக்குள் வைத்து மறுபடி ஒரு முறை வெட்டச் சொல்வதும் இதற்காகத்தான்: முதல் வெட்டில் உள்ளே புகுந்த காற்றை அப்புறப்படுத்தி, வெட்டுமுனையிலிருந்து தொடரை மறுபடி இணைப்பதற்கு.

குழாய் அகலமாக இருந்தால் நீர் வேகமாகப் போகும் என்று பார்த்தோம். ஆனால் அகன்ற குழாய்கள் கொண்ட மரங்கள் பொதுவாகக் குமிழிக்கு எளிதில் பலியாகின்றன. ஒவ்வொரு மரமும் வேகத்துக்கும் பாதுகாப்புக்கும் நடுவே தன் சூழலுக்கு ஏற்ற ஒரு இடத்தில் நிற்கிறது. அந்த இடம் எவ்வளவு விளிம்பில் இருக்கிறது என்பதை 2012-இல் ஒரு பன்னாட்டு ஆய்வு திரட்டிக் காட்டியது. 81 இடங்களைச் சேர்ந்த 226 மர இனங்களைப் பார்த்ததில், 70 சதவீத இனங்கள், வழக்கமாகச் சந்திக்கும் இழுவைக்கும் தங்கள் குழாய்கள் பெருமளவில் அடைபடும் இழுவைக்கும் நடுவே 1 மெகா பாஸ்கலுக்கும் குறைவான இடைவெளியில்தான் வாழ்ந்துகொண்டிருந்தன. பாலைவனத்தை ஒட்டிய மரங்கள் மட்டும் அல்ல, மழைக்காட்டு மரங்களும் அப்படித்தான். மழை அதிகமுள்ள இடத்து மரத்துக்குக் குழாய் பலவீனமானது, வறண்ட இடத்து மரத்துக்கு உறுதியானது, ஆனால் இருவருமே தத்தம் எல்லைக்கு அருகில்.

எனவே வறட்சியில் காடு காய்வதைப் பற்றிப் பேசும்போது மழையளவை மட்டும் பார்ப்பது போதாது. வெப்பம் ஏறினால் காற்றின் வறட்சி கூடும், மழை குறையாவிட்டாலும் மேலிருந்து வரும் இழுவை கூடும். இலைத்துளைகளை மூடிய பிறகும் இலையின் மேல்தோல் வழியாகக் கொஞ்சம் நீர் கசிந்துகொண்டேதான் இருக்கும். அந்தக் கசிவுக்கு ஈடுகொடுக்க மண்ணில் ஈரம் இல்லாதபோது, குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. பெரும்பாலான குழாய்கள் போன பிறகு மழை பெய்தாலும் அந்த மரத்துக்குத் தண்ணீர் ஏறாது.